மருத்துவமனையிலிருந்து சட்டமன்றத்திற்கு: முத்துலட்சுமி ரெட்டியின் பொதுவாழ்வில் மருத்துவ நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவராகப் பயின்று, சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் விளங்கி, அகில இந்தியப் பெண்கள் இயக்கத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராக உயர்ந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886-1968). அவருடைய வாழ்வை மருத்துவம், அரசியல், தொண்டு என மூன்று தனிப் பகுதிகளாகப் பிரித்து எழுதுவதே பெருவழக்கு. அம்மூன்றையும் இணைக்கும் இழையாக ஒரே மருத்துவ நோக்கு இயங்கியது என்பதும், அந்நோக்கே அவருடைய சீர்திருத்த வாதத்திற்கு வலிமையையும் வரம்பையும் ஒருங்கே அளித்தது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள். பொட்டுக்கட்டுதல் ஒழிப்பு குறித்த விவாதம் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: முத்துலட்சுமி ரெட்டி, சட்டமன்றம், பொட்டுக்கட்டுதல், தேவதாசி, இனாம் நிலம், சமூகச் சுகாதாரம், மூவலூர் இராமாமிர்தம், பெங்களூர் நாகரத்தினம்மாள்.

முன்னுரை

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் அறத்துப்பாலில் இடம்பெறவில்லை; பொருட்பாலில் இடம்பெறுகிறது. பரிமேலழகர் பகுப்பின்படி அது அங்கவியலின் இறுதி அதிகாரமாகும். அரசு, அமைச்சு, நாடு, அரண், படை, நட்பு ஆகியவற்றைப் பேசிய பகுதியின் முடிவில் உடல்நலம் பேசப்படுவது எண்ணத்தக்கது. உடலைப் பேணுதல் தனிமனிதக் கடமையாக மட்டும் நில்லாமல் ஆட்சியோடும் தொடர்புடைய பொருளாகக் கருதப்படுவதற்குத் தமிழ் மரபில் இடம் இருந்தது என்பதற்கு இவ்வைப்புமுறை ஒரு குறிப்பாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நவீன மருத்துவமும் நவீனச் சட்டமன்றமும் தமிழகத்தில் வேரூன்றியபோது, அவ்விரண்டின் தொடர்பைத் தம் வாழ்வாலேயே புலப்படுத்தியவர் முத்துலட்சுமி ரெட்டி.

அவரைப் பற்றிய தமிழ் நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் ‘முதல் பெண்’ என்னும் சிறப்புகளை அடுக்கிச் செல்கின்றன. அச்சிறப்புகள் உண்மையானவையே. ஆயினும், ஒருவர் முதலில் வந்தார் என்பதைக் காட்டிலும், வந்த இடத்தில் எந்த மொழியில் பேசினார் என்பதே வரலாற்றுக்குப் பயன்தரும் வினாவாகும். அவர் 1930ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட சட்டமன்ற அனுபவ நூலும், 1964ஆம் ஆண்டு வெளிவந்த தன்வரலாறும் இவ்வினாவை அணுகத் துணைபுரிகின்றன.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். மகாராசா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாய் சந்திரம்மாள் இசை, நடன மரபுடைய தேவதாசிக் குலத்தில் தோன்றியவர். இவ்விரு பின்னணிகளின் சந்திப்பு முத்துலட்சுமியின் வாழ்வைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. கல்விக்கான வழியைத் தந்தையின் சூழல் காட்டியது. ஒரு பெண்ணின் பிறப்பே அவளுடைய எதிர்காலத்தை முடிவுசெய்துவிடக்கூடும் என்னும் உண்மையைத் தாயின் சூழல் உணர்த்தியது.

ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராசா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்ததால் அத்தடை நீங்கியது. 1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவர் 1912ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். 1914ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக நடத்தவேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்பவற்றை நிபந்தனைகளாக வைத்தார். சட்டமன்றத்தில் பின்னாளில் அவர் வலியுறுத்திய கோட்பாடு அவருடைய இல்வாழ்வில் முன்னரே நடைமுறைக்கு வந்துவிட்டது எனலாம்.

அவர் மருத்துவராகக் கண்ட நோயாளிகள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் ஆவர். உடல் முதிர்ச்சி அடையுமுன் தாயான சிறுமியர், பேறுகாலத்தில் உயிரிழந்த பெண்கள், ஊட்டமின்றி நலிந்த குழந்தைகள் ஆகியோரின் துன்பம் மருந்தால் மட்டும் தீர்வதன்று என்னும் தெளிவை இப்பணி அவருக்கு அளித்தது. இளம்வயதுத் திருமணத்தால் நேர்ந்த பேறுகால இடருக்கு மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. அதன் காரணத்திற்கோ மருத்துவமனைக்கு வெளியேதான் தீர்வு காணவேண்டும். இத்தெளிவே அவருடைய அரசியலின் தொடக்கப்புள்ளி.

சட்டமன்ற நுழைவு

1919ஆம் ஆண்டின் மாண்டேகு-செம்சுபோர்டு சீர்திருத்தச் சட்டம், பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் முடிவை மாகாணச் சட்டமன்றங்களிடமே விட்டது. சென்னை மாகாணம் 1921ஆம் ஆண்டிலேயே அவ்வுரிமையை வழங்கியது. பெண்கள் உறுப்பினராகும் வாய்ப்பு 1926ஆம் ஆண்டு உருவானது. அடையாற்றில் 1917ஆம் ஆண்டு தோன்றிய இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரைப் பரிந்துரைத்தது. அப்போது அவர் உயர்பயிற்சிக்காக இலண்டன் சென்று, 1926ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற பன்னாட்டுப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டிலும் பங்கேற்றுத் திரும்பியிருந்தார். மருத்துவப் பணி தடைப்படும் என்னும் தயக்கத்துடனேயே நியமன உறுப்பினர் பொறுப்பை ஏற்றார். 1927ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவை அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

அவர் கொண்டுவந்த அல்லது ஆதரித்த தீர்மானங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பள்ளி மாணவ மாணவியர்க்குக் கட்டாய மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை, பெண்களுக்குப் பொது இடங்களில் கழிப்பிட வசதி, ஏழைப் பெண்குழந்தைகளுக்குக் கல்விக் கட்டண விலக்கு, திருமண வயதை உயர்த்துதல், பொட்டுக்கட்டுதலைத் தடுத்தல் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. முதல் மூன்றும் நேரடியாக உடல்நலம் சார்ந்தவை. ஏனையவை சமூகச் சீர்திருத்தம் எனப்படுபவை. ஆயினும் அவர் வாதத்தில் இவ்விருவகைக்கும் இடையே கோடு இல்லை. திருமண வயதைப் பற்றிப் பேசும்போது சாத்திர விளக்கத்தைவிடத் தாய்சேய் நலத்தையே முன்வைத்தார். 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்களின் குறைந்த அளவுத் திருமண வயதை 14 என்றும் ஆண்களுக்கு 18 என்றும் வரையறுத்தது. அச்சட்டத்திற்கு ஆதரவாக நாடு முழுவதும் எழுந்த பெண்களின் குரலில் மருத்துவரான அவருடைய குரலுக்குத் தனி எடை இருந்தது. சாத்திரத்தைச் சாத்திரத்தால் மறுப்பவரோடு வைதிகர்கள் முடிவின்றி வாதிட இயலும். பேறுகாலப் படுக்கையருகே நின்றவரோடு அவ்வாறு வாதிடுவது எளிதன்று.

பொட்டுக்கட்டுதலும் சொற்களின் மாற்றமும்

கோயிலுக்குப் பெண்களை நேர்ந்துவிடும் வழக்கத்தைக் குறித்த சொற்கள் காலந்தோறும் மாறிவந்துள்ளன. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் 1014ஆம் ஆண்டையொட்டிப் பொறிக்கப்பட்ட முதலாம் இராசராசனின் கல்வெட்டு ஏறத்தாழ 400 ‘தளிச்சேரிப் பெண்டுக’ளைப் பெயர், ஊர் ஆகியவற்றுடன் குறிப்பிடுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்காக வழங்கப்பட்டன. ‘தேவரடியார்’, ‘பதியிலார்’ என்பன பிற கல்வெட்டு வழக்குகள். பிற்காலத்தில் ‘தாசி’ என்னும் சொல் இழிபொருள் ஏற்றது. காலனிய நீதிமன்றங்கள் பொட்டுக்கட்டுதலைப் பரத்தமைத் தொழிலோடு இணைத்து நோக்கின. பருவமடையாத சிறுமியரை அத்தொழிலுக்கு ஒப்படைப்பதைத் தண்டிக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகளின்கீழ் வழக்குகள் நடந்தன. மறுபுறம், தாய்வழியாகச் சொத்துரிமை பெறவும் பெண்குழந்தையைத் தத்தெடுக்கவும் தேவதாசிகளுக்கு இருந்த உரிமையை அந்நீதிமன்றங்களே ஏற்றன. பிற இந்துப் பெண்களுக்கு இவ்வுரிமைகள் இல்லை என்பது கருதத்தக்கது.

இச்சொல் வரலாற்றில் முத்துலட்சுமி புதிய கலைச்சொற்களைச் சேர்த்தார். நோய், தொற்று, தடுப்பு, பராமரிப்பு என்னும் மருத்துவச் சொற்கள் பொட்டுக்கட்டுதல் பற்றிய பேச்சில் நுழைந்தன. இவ்வழக்கத்தை அவர் சிறுமியர் மீது இழைக்கப்படும் கொடுமையாகவும், பால்வினை நோய் பரவக் காரணமாகும் பொதுச் சுகாதாரக் கேடாகவும் காட்டினார். 1927ஆம் ஆண்டு நவம்பரில், சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடுக்கச் சட்டம் இயற்றவேண்டும் என்னும் தீர்மானத்தை அவர் முன்மொழிந்தார். அவை அதனை ஏற்றது. சமய உரிமையில் அரசு தலையிடலாமா என்னும் வினாவை, குழந்தையின் உடல்நலத்தில் அரசு தலையிடாமல் இருக்கலாமா என்னும் வினாவாக மாற்றியதே அவருடைய வாதத்தின் வெற்றி எனலாம்.

1929ஆம் ஆண்டின் சட்டம்

நோயின் காரணத்தைத் தேடும் நோக்கு மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் 1929ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமாகும். இது 1926ஆம் ஆண்டின் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டத்திற்கான திருத்தம். கோயில் பணிக்கு ஈடாகத் தேவதாசிக் குடும்பங்கள் இனாம் நிலங்களை அனுபவித்து வந்தன. பணி நின்றால் நிலம் போய்விடும். எனவே, ஒரு தலைமுறையில் பணிசெய்த பெண்ணுக்குப் பின் அடுத்த தலைமுறையில் ஒரு சிறுமிக்குப் பொட்டுக்கட்டுவது குடும்பத்தின் பொருளியல் தேவையாயிற்று. பக்தி, மரபு ஆகியவற்றோடு நிலமும் இவ்வழக்கத்தைத் தாங்கி நின்றது.

இத்திருத்தம் பணி என்னும் நிபந்தனையிலிருந்து நிலத்தை விடுவித்தது. அதாவது, கோயில் பணியைத் தொடராமலே நிலத்தை வைத்துக்கொள்ள வழி ஏற்பட்டது. தண்டனையை முன்வைக்காமல், வழக்கத்தை நிலைநிறுத்திய பொருளியல் கட்டைத் தளர்த்தியது இச்சட்டத்தின் சிறப்பு. மேடையில் ஒழுக்கத்தின் மொழி மேலோங்கியிருந்த காலத்தில், சட்ட வரைவில் பிழைப்பின் காரணம் கவனிக்கப்பட்டது. முத்துலட்சுமியை ஒழுக்கவாதியாக மட்டும் மதிப்பிடும் கருத்து இச்சான்றின்முன் நிற்பது அரிது. எனினும், அம்ரித் சீனிவாசன் போன்ற ஆய்வாளர்கள் இச்சீர்திருத்தத்தின் பயன் பெண்களைவிட அக்குலத்து ஆண்களுக்கே மிகுதியாகச் சேர்ந்தது என வாதிட்டுள்ளனர். பெண்வழி நின்ற சொத்துமுறை தளர்ந்து, குடும்பத் தலைமை ஆண்களிடம் சென்றது என்பது அவ்வாதத்தின் சாரம். காரணத்தைச் சரியாகக் கண்ட மருந்தும் வேண்டாத பக்கவிளைவைத் தரக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

பொட்டுக்கட்டுதலையே தடைசெய்யும் அடுத்த மசோதா பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்ட நிலையில், உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டிக் காந்தியடிகள் 1930ஆம் ஆண்டு கைதுசெய்யப்பட்டார். அதனைக் கண்டித்து முத்துலட்சுமி பதவி விலகினார். மசோதா நின்றுபோயிற்று. அதன் நோக்கம் 1947ஆம் ஆண்டின் முப்பத்தொன்றாம் சட்டத்தால்தான் நிறைவேறியது. பதவியைத் துறந்த அறச்செயலுக்கும் பதினேழாண்டுத் தாமதத்திற்கும் உள்ள தொடர்பு அவருடைய வரலாற்றில் போதிய அளவு எண்ணிப்பார்க்கப்படவில்லை.

எதிர்க்குரல்களும் துணைக்குரல்களும்

சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி முதலியோர் கோயில் மரபும் கலையும் அழிந்துவிடும் என வாதிட்டனர். 1932ஆம் ஆண்டு நாளிதழ்களில் முத்துலட்சுமிக்கும் வழக்கறிஞர் இ. கிருட்டிண ஐயருக்கும் இடையே நாட்டியம் பற்றிய கருத்துப்போர் நிகழ்ந்தது. கலையைக் காக்கவேண்டும் என்பது கிருட்டிண ஐயரின் நிலைப்பாடு. அக்கலை பரதநாட்டியம் என்னும் பெயருடன் மேடையேறி மதிப்புப் பெற்றது. அதனைத் தலைமுறைகளாகக் காத்த பெண்களுள் பலர் அம்மதிப்பில் பங்குபெறவில்லை.

இவ்விருவர் குரலினும் இன்றியமையாதது தேவதாசிப் பெண்களின் சொந்தக் குரலாகும். சென்னையில் அவர்கள் சங்கமாக ஒன்றுகூடி மசோதாவை எதிர்த்து அரசுக்கு மனு அளித்தனர். அவர்களுள் முதன்மையானவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். முத்துப்பழனியின் தெலுங்குக் காவியமான இராதிகா சாந்தவனத்தை 1910ஆம் ஆண்டு பதிப்பித்து, அதன் பொருட்டு அரசின் தடையைச் சந்தித்தவர் அவர். திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவரும் அவரே. தேவதாசியும் பரத்தையும் ஒன்றல்லர், சிலரது நடத்தைக்காக ஒரு குலத்தின் சமய உரிமையையும் சொத்துரிமையையும் பறித்தல் முறையன்று, கல்வியே வேண்டும் என்பன அவர்களுடைய வாதங்கள். மருத்துவ நோக்கின் வரம்பு இங்கேதான் வெளிப்படுகிறது. ஒரு பெண் நோயாளியாகக் கருதப்பட்டவுடன் அவளுடைய மறுப்பும் நோயின் அறிகுறியாகவே கொள்ளப்படும். மனு எழுதிய பெண்கள் கற்றவர்கள். தம் நிலையைத் தாமே எடுத்துரைத்தவர்கள். அவர்களுக்காகப் பேசிய அவை அவர்களோடு பேசவில்லை.

ஆயினும் அக்குலத்துப் பெண்களின் குரல் ஒருமுகமானது எனக் கொள்வதும் பிழை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதே சூழலில் வளர்ந்து, சுயமரியாதை இயக்கத்தில் இணைந்து, பொட்டுக்கட்டுதல் ஒழிப்புக்காக ஊர்தோறும் பேசியவர். அவர் 1936ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் புதினம் இவ்விவாதத்தின் தமிழ் இலக்கியச் சான்றாக நிற்கிறது. முத்துலட்சுமியின் வாதம் மருத்துவத்திலும் சட்டத்திலும் ஊன்றியது. இராமாமிர்தத்தின் வாதம் பட்டறிவில் ஊன்றியது. தாசிமுறையால் பயன்பெறும் குடும்பத்தார், நிலவுடைமையாளர், இடைத்தரகர் ஆகியோரின் உறவுப்பின்னலை அப்புதினம் உள்ளிருந்து காட்டுகிறது. முத்துலட்சுமியும் தாயின்வழி அச்சூழலை அறிந்தவரே. எனினும் தம் பொதுவாதத்தில் முதன்மையாக மருத்துவர் என்னும் தகுதியையே முன்னிறுத்தினார். அக்காலச் சட்டமன்றத்தில் பிறப்பை முன்னிறுத்தியிருந்தால் அவருடைய சொல் எவ்வாறு ஏற்கப்பட்டிருக்கும் என்பதை எண்ணினால், அத்தெரிவின் நெருக்கடி விளங்கும்.

அவை நீங்கிய பின்

பதவி விலகல் அவருடைய அரசியலின் முடிவாகவில்லை. 1931ஆம் ஆண்டு இலாகூரில் நடைபெற்ற அகில இந்தியப் பெண்கள் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். புதிய அரசியலமைப்பு குறித்து ஆராய்ந்த பிரித்தானிய நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின்முன் 1933ஆம் ஆண்டு இந்தியப் பெண்கள் அமைப்புகளின் கருத்தை வைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட மூவருள், இராசகுமாரி அம்ரித் கௌர், சரீபா அமீது அலி ஆகியோருடன் அவரும் ஒருவர்.

சட்டம் ஒரு வழக்கத்தைத் தடுக்கலாம். அதிலிருந்து வெளியேறும் சிறுமிக்கு உறைவிடம் தர அதனால் இயலாது. பொட்டுக்கட்டுதலிலிருந்து தப்பிவந்த சிறுமியரைச் சாதிவழி நடந்த விடுதிகள் ஏற்க மறுத்தபோது, முத்துலட்சுமி தம் இல்லத்திலேயே இடமளித்தார். 1930களின் தொடக்கத்தில் இவ்வாறு தோன்றியதே அவ்வை இல்லம். மணவாழ்வையும் குலத்தையும் சாராமல் அறிவாலேயே மதிப்புப் பெற்ற மூதாட்டியின் பெயர், ஆதரவற்ற சிறுமியர் பயிலும் இல்லத்திற்குப் பொருத்தமாக அமைந்தது.

அவருடைய தங்கை உரிய காலத்தில் கண்டறியப்படாத புற்றுநோயால் இறந்த துயரம் மற்றொரு நிறுவனத்திற்கு வித்திட்டது. இந்திய மாதர் சங்கத்தின் நிதித்திரட்டலைத் துணைக்கொண்டு அவர் முயன்றதன் பயனாக, 1952ஆம் ஆண்டு அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு அது 12 படுக்கைகளுடன் செயல்படத் தொடங்கியது. புற்றுநோய் வந்தால் இறப்பே முடிவு என்று எண்ணப்பட்ட காலத்தில் அதற்கென மருத்துவமனை கேட்டது வீண்செலவாகவே பலருக்குத் தோன்றியது. அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பிய அதே சங்கம் இம்மருத்துவமனையையும் தாங்கியது; அரசியலும் மருத்துவமும் அவர் வாழ்வில் பிரிந்து நிற்கவில்லை என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டு பத்மபூசண் விருது பெற்ற அவர் 1968ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் மறைந்தார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முத்துலட்சுமி ரெட்டி மருத்துவத்தை விட்டு அரசியலுக்கு வந்தவர் அல்லர். மருத்துவமனைக்குள் தீர்க்கவியலாத காரணங்களைத் தேடிச் சட்டமன்றத்திற்கு வந்தவர்.

சமயம், மரபு ஆகியவற்றின் பெயரால் நடந்த விவாதத்தை உடல்நலத்தின் தளத்திற்கு மாற்றியது அவருடைய தனித்த பங்களிப்பு. 1929ஆம் ஆண்டின் இனாம் நிலத் திருத்தம், காரணத்தை நோக்கிய அவ்வணுகுமுறையின் சிறந்த வெளிப்பாடு.

அதே மருத்துவ மொழி, சீர்திருத்தத்திற்கு உரியவராகக் கருதப்பட்ட பெண்களைப் பேசும் உரிமையுடையோராகக் காணத் தடையாகவும் நின்றது. நாகரத்தினம்மாள் முதலியோரின் மனுக்களையும் இராமாமிர்தத்தின் புதினத்தையும் சட்டமன்ற உரைகளோடு இணைத்துப் படிக்கும்போதுதான் இவ்வரலாறு முழுமை பெறும்.

தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்குகிறது. ஏழைப் பெண்களுக்கான திருமண நிதியுதவித் திட்டமொன்று இராமாமிர்தத்தின் பெயரில் தொடங்கப்பட்டுப் பின்னர்ப் பெண்களின் உயர்கல்விக்கான திட்டமாக மாற்றப்பட்டது. கருவுற்ற பெண் நிரப்பும் படிவத்தில் ஒருவர் பெயரும், கல்லூரி மாணவி நிரப்பும் படிவத்தில் மற்றொருவர் பெயரும் நிலைபெற்றுள்ளன. மனு எழுதிய பெண்களின் பெயர்களோ அரசு ஆவணக் கட்டுகளுக்குள் தங்கிவிட்டன. அவற்றைத் தொகுத்துத் தமிழில் பதிப்பித்தல் தமிழாய்வுத் துறைகள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.